எக்ஸ்ரே நார்மல், ஆனால் இருமல் மட்டும் நிற்கவில்லை

கேள்வி இது: "அம்மாவுக்கு 54 வயது. பத்து மாதமாக இருமல். எக்ஸ்ரே நார்மல், சளியில் டிபி கிருமி இல்லை என்று வந்துவிட்டது. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், அப்புறம் கேஸ் மாத்திரை, நடுவில் இரண்டு தடவை ஆன்டிபயாடிக். எதற்கும் குறையவில்லை. மூச்சுக்குழாயிலேயே அரிதாக ஏதாவது இருக்குமா? இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

இருக்கலாம். நெஞ்சு நோய் மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே நார்மல் என்பதால் மூச்சுக்குழாயும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அந்தப் படம் நுரையீரலைக் காட்டும் அளவுக்கு மூச்சுக்குழாயைக் காட்டாது. பெரியவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய் நடு நெஞ்சில், எலும்பு, இதயம், ரத்தக்குழாய் எல்லாவற்றின் நிழலோடும் கலந்து கிடக்கிறது. இன்னொன்றும் உண்டு. எக்ஸ்ரே எடுப்பவர் "மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லித்தானே எடுப்பார்? குழாய் நன்றாக விரிந்திருப்பது அந்த நொடியில்தான். மூச்சை வெளியே தள்ளும்போதும் இருமும்போதும் அது என்ன ஆகிறது என்று அந்தப் படத்துக்குத் தெரியாது.

அரிய காரணங்களுக்குப் போகும் முன், சாதாரணக் காரணங்களை ஒழுங்காகப் பார்த்தாயிற்றா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எட்டு வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் பெரியவர்களுக்கு அது நாள்பட்ட இருமல். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கிலிருந்து தொண்டைக்கு வழியும் சளி, ஆஸ்துமா, இரைப்பை அமிலம் மேலேறுவது, புகை ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோதான் காரணம். அம்மா பிபிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அட்டையைப் பாருங்கள். ராமிப்ரில், எனாலபிரில் வகை என்றால், அந்த மாத்திரையே இருமலை உண்டாக்கலாம், டாக்டரிடம் சொல்லி வேறு வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். நிறுத்திய மறுநாளே இருமல் போகாது. பொதுவாக நான்கு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். பத்து நாளில் குறையவில்லை என்று பழைய மாத்திரைக்கே திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். யானைக்கால் நோய் இருந்த கரையோர, டெல்டா ஊர்க்காரர்களுக்கு இரவில் வாட்டும் இருமலோடு அந்த எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டினால் அது யானைக்கால் புழுவால் வரும் ட்ராபிகல் ஈசினோபிலியாவாக இருக்கலாம். டைஎதில்கார்பமசின் என்ற மருந்தை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொரு வகையில் ரத்தம் நார்மல், ஊதும் பரிசோதனையும் நார்மல், ஆனால் சளியில் மட்டும் ஈசினோபில் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஈசினோபிலிக் பிராங்கைட்டிஸ் என்று பெயர். 1989-இல்தான் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். ஸ்டீராய்டு இன்ஹேலரில் குறையும். ஆனால் சளியின் செல்களை எண்ணிப் பார்க்கும் லேப் எல்லா ஊரிலும் இல்லை, அதனால் பலருக்கு இந்தப் பெயர் சூட்டப்படுவதே இல்லை.

அடுத்து நான் கேட்பது: ஆஸ்துமா என்று எதை வைத்துச் சொன்னார்கள்? இருமலும் கொஞ்சம் இளைப்பும் இருந்தாலே ஆஸ்துமா ஆகிவிடாது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையை மருந்து இழுப்பதற்கு முன்னும் பின்னும் செய்து, ஊதும் அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் அது ஆஸ்துமாவுக்கு நல்ல சான்று. அந்த ரிப்போர்ட்டில் எண்களோடு ஒரு வளைவுப் படமும் இருக்கும். பலரும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். எனக்கோ அந்தப் படம்தான் முக்கியம். அதன் மேல்பாதி மூச்சை வெளிவிடுவது, கீழ்பாதி இழுப்பது. நல்ல மூச்சுக்குழாய் என்றால் மேல்பாதி மலை முகடு போல ஏறிச் சரியும், கீழ்பாதி பாதி வட்டமாக இருக்கும். பெரிய குழாயில் நிலையான சுருக்கம் இருந்தால் மேலேயும் கீழேயும் கத்தியால் சீவினாற்போல் தட்டையாகி, வளைவு பெட்டி மாதிரி வரும். கழுத்துப் பகுதியில் தளர்வு என்றால் மூச்சை இழுக்கும் பாதி மட்டும் தட்டையாகும், நெஞ்சுக்குள் என்றால் வெளிவிடும் பாதி. ஆனால் குழாய் பாதிக்குமேல் சுருங்கும்வரை இந்த வளைவு மாறாமலும் இருக்கலாம். அதனால் வளைவு நன்றாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிட முடியாது.

காதும் பயன்படும். ஆஸ்துமா இளைப்பு இரண்டு பக்கமும், பல சுருதியில் கேட்கும். ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில், ஒரே சுருதியில் விசில் போலக் கேட்டால் அங்கே குழாயை ஏதோ அடைக்கிறது என்று அர்த்தம். இளைப்பு நெஞ்சைவிடக் கழுத்தில் சத்தமாகக் கேட்டால் கோளாறு மேலே, பெரிய குழாயில். நோயாளியை வாயைத் திறந்து வேகமாக ஊதச் சொல்லி, ஸ்டெத்தைக் கழுத்திலும் இரண்டு பக்க நெஞ்சிலும் மாற்றி மாற்றி வைத்தால் ஒரு நிமிடத்தில் இது பிடிபடும்.

இனி, உள்ளே என்னென்ன இருக்கலாம் என்று பார்ப்போம்.

நம் ஊரில் நான் முதலில் கேட்பது புரையேறியதைப் பற்றி. சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்துக்குப் போய்விடுவோம். அதோடு மறந்தும் போகிறது. வெற்றிலை போடும் பழக்கமுள்ள ஒரு பெரியவர் ஒன்றரை வருட இருமலோடு வந்தார். ஒரே இடத்தில், வலது கீழ் நுரையீரலில், மூன்று தடவை நிமோனியா. எக்ஸ்ரேயில் ஒவ்வொரு தடவையும் அது வந்து போனது. புரையேறியதா என்று கேட்டால் இல்லை என்றார். அவர் மனைவிதான் "வாயில பாக்கோட தூங்கி, நடுராத்திரி முழிச்சு இருமு இருமுன்னு இருமினீங்களே, பொங்கலுக்கு முந்தி" என்று நினைவுபடுத்தினார். மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கருவியான ப்ராங்கோஸ்கோப்பைச் செலுத்தினால், கிளைக்குழாயின் வாயில் தொட்டாலே ரத்தம் கசியும் சிவந்த சதை வளர்ந்திருந்தது. முதல் பார்வைக்குக் கட்டி என்றே தோன்றியது. சதையைக் கொஞ்சம் ஒதுக்கியபோது பழுப்பு நிறத்தில் ஒரு விளிம்பு தெரிந்தது, பாக்கின் வெட்டுமுகம். சின்னக் கம்பிக் கூடையில் பிடித்து எடுத்தோம். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை.

வலது கிளைக்குழாய் இடதைவிட அகலமாகவும் குட்டையாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் விழுவது பெரும்பாலும் வலப்பக்கம்தான். பாக்கு, நிலக்கடலை, புளியங்கொட்டை எல்லாம் எக்ஸ்ரேயில் தெரியாது. உலோகமும் எலும்பும்தான் தெரியும். அதிலும் நிலக்கடலையின் எண்ணெய் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளுக்கு இது இன்னும் ஆபத்து. விளையாடிக்கொண்டோ ஏதோ மென்றுகொண்டோ இருந்த குழந்தைக்குத் திடீரென்று இருமல் வந்து, பிறகு அடங்கிவிட்டாலும், ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் குறைந்திருந்தால் எக்ஸ்ரே எப்படி இருந்தாலும் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். 1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்புத் துண்டைக் குழாய்க்கருவி விட்டு எடுத்தார். ப்ராங்கோஸ்கோப்பியின் வரலாறு தொடங்கியதே இப்படித்தான். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் இவ்வாறு எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் இன்றும் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்தது டிபி. சளியில் இல்லை என்று வந்துவிட்டதே என்பீர்கள். மூச்சுக்குழாயின் உட்சுவரைப் பிடிக்கும் டிபி ஒன்று இருக்கிறது, எண்டோபிராங்கியல் டிபி என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம், அதிலும் இளம் வயதில், இது அதிகம். எக்ஸ்ரே நார்மலாக இருக்கலாம், சளியும் நெகட்டிவ் ஆக வரலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 26 வயதுப் பெண் ஒருவருக்கு ஐந்து மாதம் ஆஸ்துமா மருந்து கொடுத்தது நான்தான். நடுவில் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தேன். இடப்பக்கம் மட்டும் இளைப்பு கேட்டதைக் குறித்தும் வைத்திருந்தேன், ஆனால் அது என்ன சொல்கிறது என்று நின்று யோசிக்கவில்லை. சிடி எடுத்தபோது இடது பிரதானக் குழாய் பென்சில் முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. உள்ளே பார்த்தால் சுவர் முழுவதும் தயிர்க்கட்டி போல வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைக் கழுவி எடுத்த நீரிலும் சதைத் துணுக்கிலும், டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை பாசிட்டிவ் ஆனது. ஆறு மாத மருந்தில் கிருமி போய்விட்டது, சுருக்கம் போகவில்லை. தீக்காயம் ஆறும்போது தோல் இழுத்துக்கொள்வதுபோல, புண் ஆறும்போது தழும்பு குழாயை இழுத்துச் சுருக்கிவிடும். அவருக்கு பலூன் வைத்து மூன்று முறை விரிக்க வேண்டியிருந்தது. நான் தாமதித்த ஐந்து மாதத்துக்கும் அந்தச் சுருக்கத்துக்கும் தொடர்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது. இன்று ஒரு பக்க இளைப்பு கேட்டால் அன்றைக்கே சிடிக்கு எழுதிவிடுகிறேன்.

பழைய டிபியின் இன்னொரு மிச்சம், சுண்ணாம்புக் கல். ஆறிப்போன நெறிக்கட்டு சுண்ணாம்பாக இறுகி, வருடக்கணக்கில் அரித்து அரித்துக் குழாய்க்குள் எட்டிப் பார்க்கும். சிலருக்கு இருமலில் கல்லே வந்து விழும். "சார், இத பாருங்க" என்று தீப்பெட்டிக்குள் வைத்து ஒருவர் கொண்டுவந்தார், அரிசிக் குருணை மாதிரி சொரசொரப்பாக நான்கைந்து. இந்தக் கல் தளர்வாக இருந்தால் ப்ராங்கோஸ்கோப்பில் எடுக்கலாம். பாதி சுவருக்குள் புதைந்திருந்தால் பிடித்து இழுப்பது ஆபத்து, பின்னால் பெரிய ரத்தக்குழாய் இருக்கும். அதற்கு அறுவை மருத்துவர்தான் வேண்டும்.

உங்கள் அம்மாவின் வயதில் நான் குறிப்பாகத் தேடுவது குழாய் தளர்வு. மூச்சுக்குழாயின் முன்புறமும் பக்கங்களும் லாட வடிவக் குருத்தெலும்பு வளையங்களால் ஆனவை, பதினாறு முதல் இருபது வரை இருக்கும். பின்சுவர் மட்டும் மெல்லிய சவ்வு. வளையம் வலுவிழந்தாலோ பின்சவ்வு தொய்ந்தாலோ, மூச்சை வெளிவிடும்போதும் இருமும்போதும் குழாய் ஒட்டிக்கொள்ளும். சளி வெளியே வராது, வராததால் மறுபடி இருமல், இருமினால் மறுபடி ஒட்டும். அந்த இருமலைத் தனியாக அடையாளம் காணலாம். ஈரமில்லாமல், நாய் குரைப்பது போல, வெண்கலப் பாத்திரத்தில் தட்டியது போல ஒலிக்கும். மல்லாந்து படுத்தால் கூடும், சிலருக்கு இருமி இருமிக் கண் இருட்டும். புகையால் வரும் நாள்பட்ட நுரையீரல் நோய், கழுத்தில் பெரிய தைராய்டு கட்டி, முன்பு வென்டிலேட்டரில் இருந்தது போன்றவை பின்னணியில் இருக்கலாம்.

இதற்குச் சாதாரண சிடி போதாது. மூச்சை இழுத்து ஒரு முறை, ஊதிக்கொண்டே ஒரு முறை என்று இரண்டு படம் எடுக்க வேண்டும். சீட்டில் அப்படி எழுதிக் கொடுக்காவிட்டால் ஸ்கேன் சென்டரில் ஒரு படத்தோடு முடித்துவிடுவார்கள். ப்ராங்கோஸ்கோப்பியும் முழு மயக்கத்தில் செய்தால் பயனில்லை, நோயாளி தானே மூச்சுவிட்டு இருமினால்தான் தளர்வு தெரியும். இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். நோயே இல்லாதவர்களுக்கும் வேகமாக ஊதும்போது குழாய் பாதிக்கு மேல் சுருங்குவதுண்டு. ரிப்போர்ட்டில் 55 சதவீதம் என்று பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள். கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கி, அறிகுறியும் பொருந்தினால்தான் அதைக் காரணம் என்று சொல்லலாம்.

சிகிச்சையில் அவசரம் கூடாது. முதலில் அமிலம், சளி, புகை ஆகியவற்றைச் சரிசெய்து, உதட்டைக் குவித்து ஊதப் பழக்க வேண்டும். இரவில் சிபாப் கருவி வைத்தால் அதன் காற்றழுத்தமே குழாயை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும். மோசமானவர்களுக்கு, குழாயைத் திறந்து வைத்திருக்கும் சிலிக்கான் ஸ்டென்ட் சில வாரம் வைத்துப் பார்ப்பார்கள். அதில் நல்ல பலன் தெரிந்தால் பின்சுவரை வலை வைத்துத் தைத்து இறுக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு, கைதேர்ந்த சில மையங்களில் மட்டும். ஸ்டென்ட்டையே நிரந்தரத் தீர்வாக யாராவது சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள். ஸ்டென்ட்டே இருமலையும் சளியையும் சதை வளர்ச்சியையும் உண்டாக்கும். புற்றுநோய் அல்லாத சுருக்கங்களுக்கு உலோக ஸ்டென்ட் வைப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-இலேயே எச்சரித்துவிட்டது.

வென்டிலேட்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அம்மா கோவிட் காலத்திலோ வேறு எப்போதாவதோ ஐசியுவில் குழாய் வைத்து இருந்தாரா? குழாயின் பலூன் அழுத்திய இடத்தில் தழும்பு விழுந்து, வீட்டுக்கு வந்து வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்லச் சுருங்கும். இருமலும் இளைப்பும் வரும், ஆஸ்துமா என்று இன்ஹேலர் கூடிக்கொண்டே போகும். குழாயின் அகலம் எட்டு மில்லிமீட்டருக்குக் கீழ் போனால் மாடி ஏறும்போது மூச்சு வாங்கும், ஐந்துக்குக் கீழ் போனால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சை இழுக்கையில் சத்தம் கேட்கும். அது எமர்ஜென்சி.

கட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், பயமுறுத்துவதற்காக அல்ல. கார்சினாய்டு என்ற மெதுவாக வளரும் கட்டி, பீடி சிகரெட் தொடாதவர்களுக்கும் வரும். இருமல், அவ்வப்போது சளியில் ரத்தக்கோடு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா. பல வருடம் ஆஸ்துமா என்ற பெயரிலேயே கழிந்தவர்கள் உண்டு. ப்ராங்கோஸ்கோப்பில் செர்ரிப்பழம் போலச் சிவந்து வழவழப்பாக இருக்கும், ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் துணுக்கு எடுக்கும்போது கவனம் தேவை. சாதாரண வகையை முழுதாக வெட்டி எடுத்துவிட்டால் ஐந்து வருடம் கடந்தும் நலமாக இருப்பவர்கள் 90 சதவீதம் அளவில். மூச்சுக்குழாயில் வரும் புற்றுக்கட்டிகளில் இவ்வளவு நல்ல முடிவு கொண்டது அதிகமில்லை. அதனால்தான் தாமதிக்கக் கூடாது என்கிறேன்.

மிக அரியவை சில இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய அந்தப் பின்சவ்வே உதவுகிறது. முன்சுவரிலும் பக்கச் சுவரிலும் கூழாங்கல் பதித்தது போல முடிச்சு முடிச்சாக இருந்து, பின்சவ்வு மட்டும் சுத்தமாக இருந்தால் அது ட்ரக்கியோபதி ஆஸ்டியோகாண்ட்ரோபிளாஸ்டிகா. வாயில் நுழையாத பெயர், ஆனால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம். சுவர் தடித்து, பின்சவ்வு தப்பி, கூடவே காது சிவந்து வீங்கினால் அது குருத்தெலும்பையே தாக்கும் ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ். காது மடல் முழுக்க வீங்கியிருக்கும், கம்மல் போடும் காதுச்சோணை மட்டும் வீங்காது, அங்கே குருத்தெலும்பு இல்லை. இதற்கு ஸ்டீராய்டும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தும் சீக்கிரம் தொடங்க வேண்டும். பின்சவ்வையும் சேர்த்துச் சுற்றிலும் தடித்திருந்தால் அமிலாய்டு என்ற புரதப் படிவா என்று துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்.

காதையும் ஒரு முறை பாருங்கள். காதுக்குறும்பியோ ஒரு முடியோ செவிப்பறையைத் தொட்டுக்கொண்டிருந்தால்கூட அங்குள்ள நரம்பு வழியாக இருமல் வரும். சுத்தம் செய்தால் நின்றுவிடும்.

ப்ராங்கோஸ்கோப்பி என்றதும் அம்மா பயப்படுவார். சொல்லுங்கள்: ஆறு மணி நேரம் திட உணவு கூடாது. தொண்டையில் கசப்பாக ஒரு மருந்து அடிப்பார்கள், நாக்கும் தொண்டையும் மரத்துப்போகும், லேசான தூக்க ஊசி போடுவார்கள். பென்சிலைவிட மெல்லிய வளையும் குழாய் மூக்கு வழியாகப் போகும். உள்ளே போகும்போது இருமல் வரும், மூச்சு நிற்காது. இருபது நிமிடம்தான், அன்றே வீடு. மரத்த தொண்டை சரியாகும்வரை இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது, புரையேறும். துணுக்கு எடுத்திருந்தால் அன்று சளியில் கொஞ்சம் ரத்தம் தெரியலாம். ஆனால் இதற்கு முன்பே சிடி எடுத்துவிட வேண்டும். எங்கே பார்க்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அதுதான் சொல்லும்.

இத்தனையும் பார்த்து எதுவும் கிடைக்காமலும் போகலாம். அப்போது இருமலைத் தூண்டும் நரம்புகளே கூர்மையாகிவிட்டன என்று எடுத்துக்கொண்டு, பேச்சுப் பயிற்சியாளரிடம் இருமலை அடக்கும் பயிற்சியும் காபாபென்டின் போன்ற மருந்தும் தருவோம். கோடீன் கலந்த சிரப்பை மாதக்கணக்கில் குடிப்பது மட்டும் வேண்டாம்.

சளியில் ரத்தம், மூச்சை இழுக்கும்போது சத்தம், எடை குறைவு, குரல் கம்மல் நீடிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே நெஞ்சு நோய் நிபுணரைப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றாலும் பத்து மாதம் அதிகம். பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, ஊதிய பரிசோதனையின் வளைவுப் படத்தோடு, மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். அம்மா இருமுவதைப் போனில் இரண்டு தடவை பதிவு செய்துகொள்ளுங்கள், ஒன்று உட்கார்ந்திருக்கும்போது, ஒன்று மல்லாந்து படுத்திருக்கும்போது. டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு இருமல் வருவதில்லை.